என்னைக் காடாக்கினார்கள்

என்னைக் காடு என்று அறிவித்தது ஒரு காலைச் சாப்பாட்டின்போது. மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த நிலத்தின் வரைபடத்தில் என் அறையைக் குச்சியால் தொட்டார்.

"மாமா, இனிமே நீங்க காடு."

முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் வேடிக்கை பேசுகிற ஆளும் இல்லை. கல்யாணப் பந்தியில்கூடச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர்.

"என்ன மாப்ளே சொல்றீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. இருக்கறதுலயே உசந்த இடம் அதுதான். யாரும் கை வைக்கக்கூடாது. வெட்டக்கூடாது, கொத்தக்கூடாது, தண்ணி ஊத்தக்கூடாது."

"எனக்கு யாரு மாப்ளே தண்ணி ஊத்துனா?"

என் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்தாள். துடைத்து வைத்ததையே எடுத்து மறுபடியும் துடைத்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "அவருக்கு அதுதான் பிடிக்கும்னா இருக்கட்டும், விடுங்க."

எனக்கு எது பிடிக்கும் என்று யார் இவளிடம் சொன்னது?

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் லாரி ஓட்டியவன். பெருக்கல் வாய்ப்பாடு வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். ரோடு எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். சிரித்துக்கொண்டே கைகாட்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறவனிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் என் முட்டியும் போயிற்று. கிளச்சை மிதிக்க முடியாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? மகள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்களுக்கு இருந்தது துண்டு நிலம். அதில் ஒரு மண்சுவர் வீடு. நிலத்தின் கோடியில் ஒரு பழைய மோட்டார் அறை. மோட்டார் எப்போதோ போய்விட்டது, எண்ணெய் வாடை மட்டும் மிச்சம். அதற்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு எனக்குக் கொடுத்தார்கள். எண்ணெய் வாடை இருந்ததால் எனக்கும் சரிப்பட்டு வந்தது.

மாப்பிள்ளை முன்னே இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தவர். ஒரு நாள் நாற்காலியை விட்டு எழுந்தவர் திரும்ப உட்காரவே இல்லையாம். "பூமிக்குப் பாரமில்லாம வாழணும் மாமா" என்பார். நான் பத்து டன், பதினைந்து டன் ஏற்றிக்கொண்டு பூமி மேலேயே போய்வந்தவன். பூமி எனக்கு ஒன்றும் புகார் சொன்னதாக ஞாபகமில்லை.

அங்கே உழவு கிடையாது. மண் மேல் அட்டைப்பெட்டியை விரித்து, அதன் மேல் வைக்கோலைக் கொட்டி, நடுவில் ஓட்டை போட்டுக் கத்தரி நடுவார்கள். நத்தை பிடிக்க வாத்து. களை பொறுக்கக் கோழி. குளித்த தண்ணீர் புதினாவுக்குப் போகும், புதினா டீக்குப் போகும், டீத்தூள் ரோஜாவுக்குப் போகும். அந்த நிலத்தில் ஒரு வேலையோடு நிறுத்திக்கொண்ட பொருள் எதுவும் கிடையாது. அட்டைப்பெட்டி தேடி மாப்பிள்ளை கடைத்தெருவில் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்துவிட்டு, குப்பை பொறுக்குகிறவனே ஒதுங்கி வழிவிட்டான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கக்கூஸ்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பலகை அடித்த ஒரு சின்ன அறை. உட்காருகிற பலகையில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. காரியம் முடிந்ததும் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஒரு கை மரத்தூளை அள்ளிப் போடவேண்டும். நிறைந்த வாளி குழிக்குப் போய், மக்கி, மரத்துக்கு உரமாகும். "மனுஷன் மண்ணுக்குக் குடுக்கிறதுல இதைவிடப் பெருசா ஒண்ணுமில்ல மாமா" என்று மாப்பிள்ளை கண்கலங்கச் சொன்னார். நான் தலையாட்டினேன். மறுநாள் காலையிலேயே வேலியில் ஒரு சந்து பார்த்து வைத்துக்கொண்டேன். மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்க் இருந்தது. அங்கே பீங்கான் இருந்தது, சங்கிலி இருந்தது, இழுத்தால் தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து என் காரியமெல்லாம் அங்கேதான். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும், இது மட்டும் என் சொந்தம்.

அந்த நிலத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் மகள் இரண்டு டம்ளர் டீயோடு என் அறைக்கு வருவாள். கட்டில் விளிம்பில் உட்காருவாள். புருஷனைப் பற்றி முணுமுணுப்பாள், வாத்தைத் திட்டுவாள், இடுப்பு வலிக்கிறது என்பாள். நான் பதிலுக்குத் திட்டுவேன். பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டோம். ஆனால் டீ தீருகிற வரைக்கும் அவள் தோட்டக்காரியும் இல்லை, இன்னொருவர் பெண்டாட்டியும் இல்லை. லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவருகிற என் பாப்பா. அந்தக் காலத்தில் மாதத்தில் பாதி நாள் நான் வீட்டில் இருந்ததில்லை. இப்போதுதான் தினமும் பார்க்கிறேன்.

அதில்தான் மண் விழுந்தது.

ஒரு நாள் வட்டக்காரர் வந்தார். அவருக்கு என்ன பெயரோ, நான் வைத்த பெயர் இது. தலையில் துணித்தொப்பி, கழுத்தில் தொங்குகிற பைனாகுலர், கையில் குச்சி. பேசும்போது அந்தக் குச்சியால் மண்ணில் வட்டம் போட்டுக்கொண்டே இருப்பார். இந்த மாதிரித் தோட்டம் போடுகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதுதான் அவர் தொழிலாம். மாப்பிள்ளை அவர் முன்னால் செருப்பைக்கூட மெதுவாகக் கழற்றினார்.

வட்டக்காரர் சொன்னார்: "உங்க கால்தான் நிலத்தைப் பிரிக்குது. அடிக்கடி எங்க போறீங்களோ அது முதல் வட்டம். கீரை, புதினா, சமையலறை வாசல். கொஞ்சம் குறைச்சலா போற இடம் ரெண்டாவது. கோழி, பழமரம். இப்படியே மூணு, நாலு. கால் போகவே போகாத இடம் அஞ்சாவது. அது காடு. அங்க நாம ஒண்ணும் செய்யறதில்ல. தள்ளி நின்னு பார்த்துக் கத்துக்கறதோட சரி."

"எங்க நிலத்துல காடு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நிலமே சொல்லும்."

அது சொல்வதற்காக எல்லா நடைபாதையிலும் மரத்தூளை மெல்லிசாகத் தூவினார்கள். சாயங்காலம் சாயங்காலம் மாப்பிள்ளை போய், எந்தப் பாதையில் எத்தனை கால்தடம் என்று குனிந்து பார்ப்பார். பார்த்து முடித்ததும் தூளைச் சமன்படுத்திவிட்டு வருவார்.

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மரத்தூள்! கக்கூஸில் போடுகிற அதே மரத்தூள்! எவனோ கணக்குப் பார்த்திருக்கிறான். வீட்டில் மூன்று பேர், வாளியோ இரண்டு பேருக்கான வேகத்தில்தான் நிறைகிறது. மூன்றாவது ஆள் எங்கே போகிறான் என்று பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. வட்டம், காடு எல்லாம் சும்மா பூசி மெழுகுகிற பேச்சு. லாரி ஓட்டுகிறவனை மடக்க செக்போஸ்ட்காரன் போடாத வேஷமா?

இலையோடு ஒரு கிளையை ஒடித்து வைத்துக்கொண்டேன். பெட்ரோல் பங்க் போய் வந்ததும் வேலிச் சந்திலிருந்து அறை வரைக்கும் பெருக்கினேன். அறையிலிருந்து சமையலறைக்குச் சாப்பிடப் போகும்போது அந்தப் பாதையையும் விடவில்லை. திரும்பி வரும்போது பின்பக்கமாக நடந்துகொண்டே என் தடத்தை அழித்தேன். சந்தேகம் என்று வந்தால் முழுதாகப் படவேண்டும். எது என் கால், எது வேறு கால் என்று குனிந்து பார்த்துப் பெருக்க என் முட்டி இடம் கொடுக்காது. மொத்தமாகப் பெருக்கினேன். வேலை சுத்தமாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அதன் முடிவுதான் அந்தக் காலைச் சாப்பாடு.

"மரத்தூள் போட்டது போட்டபடி கிடந்துச்சு மாமா" என்றார் மாப்பிள்ளை. குரல் தழுதழுத்தது. "ஒரு எலிகூட நடக்கலை. இப்படி ஒரு இடம் நம்ம நிலத்துலயே இருக்குன்னு இத்தனை நாளா தெரியாம போச்சு."

"நான் தினமும் இங்க வந்துதானே மாப்ளே சாப்பிடுறேன்? இப்பவும் உங்க எதிர்லதானே உக்காந்திருக்கேன்? பறந்தா வந்தேன்?"

"அது நம்ம நினைப்பு மாமா. நம்ம நினைப்பை நம்பக்கூடாதுன்னுதான் மரத்தூளே போட்டோம்."

இதற்கு மேல் என்ன பேச? பெருக்கினேன் என்று சொன்னால் ஏன் பெருக்கினாய் என்று கேட்பார்கள். பெட்ரோல் பங்க் வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். மகள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றே என் அறையைச் சுற்றி, வேலி வரைக்கும், சணல் கயிறு கட்டினார்கள். நல்லவேளை, பெட்ரோல் பங்க் போகிற சந்து என் பக்கமே இருந்தது. கயிற்றில் ஒரு பலகை. 'இதற்கு அப்பால் பார்க்க மட்டும்.' மறுநாள் காலை நான் கட்டிலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். டீ வரவில்லை. மகளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிறகு காத்திருப்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் பொய்.

காடாக இருப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள்.

பல்ப் போய்விட்டது. கயிற்றண்டை நின்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"காட்டுல பல்ப் மாத்தறதில்ல மாமா."

"காட்டுல பல்ப் இருக்குறதும்தான் இல்ல."

அவர் "நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றவில்லை.

பீர்க்கங்கொடி ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்து, என் சட்டை மாட்டுகிற ஆணியைப் பிடித்துக்கொண்டது. நானே அறுத்துப் போட்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை, "கொடியைக் காடே கட்டுப்படுத்துது பாருங்க!" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. கூட்டத்தில் சேராத ஒரு சிவப்புக் கோழி என் கட்டிலடியில் குடிவந்தது. விரட்டினேன். போகவில்லை. சரி, அதுவும் யாரோ வேண்டாம் என்று தள்ளியதுதானே என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். காட்டுக்குச் சாப்பாடு போடக்கூடாது, போட்டால் அது கெட்டுப்போகுமாம். அதனால் கயிற்றுக்குப் பக்கத்தில் இருந்த மரக்கட்டையின் மேல் தட்டை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி வைத்துவிட்டுப் போவார்கள். ரொட்டி, அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கீரை. சில நாள் முட்டை இரண்டாக இருக்கும், ரொட்டியில் வெண்ணெய் தடவியிருக்கும். எனக்கு வெண்ணெய் பிடிக்கும் என்று அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டு வைப்பதுதானே எலிப்பொறி? எந்தப் பொறியிலும் வெறும் கம்பியை வைத்து எலியைப் பிடித்தவன் எவனும் இல்லை. ஒரு துண்டைப் பிய்த்துக் கோழிக்குப் போட்டு, அது சாகவில்லை என்று பார்த்தபிறகுதான் வாயில் வைப்பேன்.

பிறகு வகுப்பு ஆரம்பித்தது.

வட்டக்காரர் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆணும் பெண்ணுமாக வளர்ந்த மனிதர்கள். நிலத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கினார்கள். காலையில் கயிற்றுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து, பைனாகுலரை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி என்னைப் பார்த்தார்கள். நான் முகச்சவரம் செய்தேன். பார்த்தார்கள். நான் இருமினேன். எழுதிக்கொண்டார்கள்.

"நம்மளைப் பார்க்குது" என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

"பேசாதீங்க. பழகட்டும்" என்றார் வட்டக்காரர்.

"ஏய், எவன்டா அவன்! வேலை வெட்டி இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். ஒருவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். வட்டக்காரர் மெதுவாக, "எல்லை காக்குது. ரொம்ப ஆரோக்கியமான அறிகுறி" என்றார்.

அதைவிட மோசம், என்னிடமிருந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். தேள் ஏறக்கூடாது என்று நான் செருப்பைக் கவிழ்த்து வைப்பேன். மறுநாள் கூடாரத்து வாசலில் எல்லாச் செருப்பும் கவிழ்ந்து கிடந்தன. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வெயிலில் உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் வெண்டைச் செடிகளுக்கெல்லாம் ஈரத்துணி கட்டியிருந்தார்கள். ஒரு நாள் கோபத்தில் சுவரை உதைத்தேன். சாயங்காலம் மாப்பிள்ளை கோழிக்கூட்டின் சுவரை, யோசித்து யோசித்து, மெதுவாக உதைத்துக்கொண்டிருந்தார். கோழிகள் மறுநாள் கூடுதலாக முட்டை போட்டனவாம். அதற்கும் என் பேர்தான் அடிபட்டது.

மகள் மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒரு நாளும் வந்து உட்காரவில்லை. தூரத்தில் வாத்துக் குட்டையண்டை அவள் சேலைத் தலைப்பு தெரியும். இந்தப் பக்கம் திரும்பமாட்டாள். எனக்குத் தெளிவாகிவிட்டது. கிழவனைத் தள்ளிவிடவேண்டும், தள்ளிவிட்ட மாதிரியும் தெரியக்கூடாது. இதற்குத்தான் இத்தனை வட்டம். புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துச் செய்கிறார்கள். சொந்த மகள்!

ஒரு நாள் காலையில் பொறுக்க முடியாமல் கயிற்றைத் தாண்டினேன். நேராகச் சமையலறைக்குப் போனேன். மேஜையைச் சுற்றி வகுப்புக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் நின்றதும் ஒருவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"யாரும் அசையாதீங்க" என்றார் வட்டக்காரர், உதடு அசையாமல். "ஓடினா துரத்தும். பசியில இறங்கி வந்திருக்கு. தானா திரும்பிப் போயிடும்."

"பாப்பா எங்க?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை மட்டும் கண்ணால் வாத்துக் குட்டைப் பக்கம் காட்டினார். அந்த ஆளுக்கு உள்ளே எங்கேயோ கொஞ்சம் மனிதம் மிச்சம் இருந்தது.

மகள் முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாத்துக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா."

"காடெல்லாம் பேசக்கூடாது" என்றாள், நிமிராமல்.

"என்னடி நெனச்சிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்? நான் வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிடறேன். எனக்கு ரோடு புதுசில்ல."

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"நான் வேண்டாம்னு சொன்னேனா? நீங்கதான்ப்பா சொன்னீங்க. வாயால சொல்லலை, அவ்ளோதான்."

"நான் என்ன சொன்னேன்?"

"சமையல் ஜன்னல்லேருந்து தினமும் பார்த்தேன். டீயைக் குடுத்துட்டு நான் இந்தப் பக்கம் வர்றேன். நீங்க அந்தப் பக்கம் கிளையை எடுத்துக்கிட்டு, என் காலடியை ஒண்ணு விடாம பெருக்குறீங்க. ஒரு நாள்னா ஏதோன்னு விட்டிருப்பேன். தினமும்! நான் உங்க ரூமுக்கு வந்த அடையாளம்கூட இருக்கக்கூடாதா உங்களுக்கு? சின்னப் பிள்ளையில நீங்க எப்ப வருவீங்கன்னு வாசல்லயே படுத்துத் தூங்குனவ நான். இப்பக் கூட்டிக்கிட்டு வந்து வச்சுக்கிட்டா, என் கால் பட்ட இடத்தைப் பெருக்குறீங்க. அப்புறம் அவரு காடுன்னாரு. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட எனக்குக் கையும் காலும் வேலை செய்தன. இப்போது ஒன்றும் ஓடவில்லை. வாத்துகள் எல்லாம் கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

"உன் காலைப் பெருக்கலை" என்றேன். "என் காலைத்தான் பெருக்கினேன். உன் கால் நடுவுல மாட்டிக்கிச்சு."

"உங்க காலை எதுக்குப் பெருக்கணும்?"

"பெட்ரோல் பங்குக்குப் போறேன்ல."

"எதுக்கு?"

"எதுக்குப் போவாங்க? பெட்ரோல் குடிக்கவா? அங்க பீங்கான் இருக்கு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"எப்பலேருந்து?"

"வந்த மறுநாள்லேருந்து."

"அப்ப அந்த வாளி...?"

"அதெல்லாம் உங்க ரெண்டு பேரோடதுதான். எனக்கு அதுல ஒரு பங்கும் இல்ல."

"ஐயோ அப்பா! நீங்க வந்தப்புறம்தான் எலுமிச்சை இப்படிக் காய்க்குதுன்னு அவரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு! பெரியவங்களோடதுல சத்து ஜாஸ்தின்னு வகுப்புலயே சொல்லிட்டாரு!"

"அது எலுமிச்சையோட சொந்த உழைப்பு. என்னை இழுக்காதே."

அவள் வாத்துக்கூட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரித்து, சிரித்து, அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நடுவில் எங்கேயோ அது அழுகையாயிற்று, மறுபடியும் சிரிப்பாயிற்று. எனக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாது. துடைப்பத்தை எடுத்து மீதிக் கூட்டைக் கழுவினேன்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பெட்ரோல் பங்கை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னாள். அப்பா பாதையைப் பெருக்கிவிட்டார், அது காடு இல்லை, கயிற்றை அவிழ்க்கவேண்டும், இவ்வளவுதான்.

மாப்பிள்ளை முகம் வெளுத்தது. அவர் வட்டக்காரரைப் பார்த்தார். வட்டக்காரர் குச்சியால் மேஜை மேல் ஒரு வட்டம் போட்டார்.

"காடு தன்னைத் தானே பெருக்கிச் சுத்தமா வச்சுக்கிட்டிருக்கு. இதைவிடப் பெரிய சான்று என்ன வேணும்?"

"அது காடு இல்லங்க. எங்கப்பா."

"எல்லாக் காடும் யாருக்காவது அப்பாதான்ம்மா."

வகுப்புக்காரர்கள் இதை எழுதிக்கொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். எனக்கு அந்தக் குச்சியைப் பிடுங்கி ஒடிக்கவேண்டும்போல் இருந்தது.

"ஒரு இடத்தைக் காடுன்னு விட்டா எல்லாப் பருவமும் வந்து போகணும்" என்றார் வட்டக்காரர். "மழை, வெயில், பனி எல்லாம் பார்த்தப்புறம்தான் மாத்தறதைப் பத்தியே யோசிக்கலாம். நமக்குத் தோணும்போதெல்லாம் மாத்தினா, அப்புறம் இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அந்தக் கடைசி வார்த்தை மாப்பிள்ளையைச் சரியாக அடித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் அவரையே பார்த்தாள். நான் என் மனதுக்குள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"அப்ப யாருமே உள்ள போகக்கூடாதா?" என்று கேட்டாள்.

"மனுஷங்க போகக்கூடாது."

"மத்தது?"

"மத்தது எது வேணா போகலாம். பூனை, முயல், கீரிப்பிள்ளை. அதைத் தடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?"

மகள் "சரிங்க" என்றாள். அவள் அம்மாவும் இப்படித்தான். சண்டை போடும்போது பயமில்லை, 'சரிங்க' என்றால்தான் பயம்.

மறுநாள் காலை வகுப்புக்காரர்கள் வழக்கம்போலக் கயிற்றண்டை வந்து உட்கார்ந்தார்கள். வட்டக்காரர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் நின்றேன். சமையலறைப் பக்கத்திலிருந்து ஏதோ வந்தது. தாழ்வாக வந்தது. மரத்தூளில் இரண்டு கையையும் இரண்டு முட்டியையும் ஊன்றி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகில் துண்டால் ஒரு ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, என் மகள் நாலு காலில் வந்தாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் புகுந்து, ஒருவர் காலை முட்டியால் மிதித்துக்கொண்டு, தலையைக் குனிந்து கயிற்றுக்குக் கீழே நுழைந்தாள்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். வட்டக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு நெற்றியில் வியர்த்திருந்தது. தடுத்தால் தன் வாயால் சொன்னதைத் தானே மீறவேண்டும். கூட்டம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்றார் கடைசியில், எச்சிலை விழுங்கிக்கொண்டு. "பெருசு. தொந்தரவு பண்ணாதீங்க."

மகள் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்று, கதவைச் சாத்தி, முட்டியைத் தட்டினாள். இரண்டு முட்டியும் சிவந்து, ஒன்றில் தோல் உரிந்திருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கோழி இடம் விட்டு நகர்ந்தது.

"உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்றேன்.

"உங்க ரத்தம்தானே?" என்று டீயை ஊற்றினாள். "அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

"உன் புருஷன் மூஞ்சி அதைவிட மோசம்."

"அவரை விடுங்க. ராத்திரி பூரா என்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. ஆனா கயித்தை அவிழ்க்க மட்டும் கை வரலைங்கறாரு. பயம். திரும்ப டையைக் கட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போகச் சொல்லிடுவாங்களோன்னு."

"யாரு சொல்லுவா?"

"யாருமில்லப்பா. அதான் பயமே."

நான் டீயைக் குடித்தேன். சூடு ஆறியிருந்தது, தூள் கசந்தது. இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். எனக்கு ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது. யாரிடமும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாததால், டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"நாளைக்கும் வருவியா?"

"முட்டி தாங்கற வரைக்கும் வருவேன்."

அவள் போன பிறகு அந்த முட்டி என் கண்ணிலேயே நின்றது. முட்டி போனால் என்ன ஆகும் என்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். கட்டிலுக்கடியில் என் பழைய கம்பளி இருந்தது. அதைக் கிழித்தேன். தலையணையில் ஒன்றைப் பிரித்தேன். எடுத்துக்கொண்டு போய் அறை வாசலிலிருந்து கயிறு வரைக்கும் பாதையில் விரித்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வட்டக்காரர், "பார்த்தீங்களா, தழை உதிர்க்குது. பருவம் மாறுது" என்று விளக்கிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளட்டும்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் சமையலறை வரைக்கும் வெறும் மரத்தூள்தான் கிடந்தது. அங்கே எனக்கு அதிகாரம் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். வகுப்பு கலைந்து எல்லாரும் போனதும் மாப்பிள்ளை வந்தார். இரண்டு கையிலும் வைக்கோல். என்னைப் பார்க்காமல், சமையலறை வாசலிலிருந்து கயிறு வரைக்கும் கனமாகப் போட்டுக்கொண்டே வந்தார். கயிற்றண்டை வந்ததும் நின்றார்.

"மண்ணு காயக்கூடாதுல்ல மாமா" என்றார்.

"ஆமா மாப்ளே. காயக்கூடாது."

அவர் போன பிறகு கயிற்றைத் தாண்டிப் போனேன். வைக்கோலில் முள் கிடக்கும், கம்பி கிடக்கும், கட்டு அவிழ்த்தவர் இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர், நம்பி விட முடியாது. குனிந்து, முடியாமல், கடைசியில் நானும் முட்டி போட்டுக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் ஒவ்வொரு பிடியாகக் கிளறிப் பார்த்தேன். இரண்டு முள் கிடைத்தது. பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.